தொட்டிய பொளந்துக்கிட்டு வர்ற செடி, இது என்ன, எப்படி பிரிக்கறது?

ஜேபிநகர்_வாடகைவீடு:
வணக்கம் மக்களே. பெங்களூர்ல புதுசா குடி வந்த வீட்டு பால்கனில, முன்னாடி இருந்தவங்க ஒரு செடிய விட்டுட்டு போயிருக்காங்க. தண்டுன்னு ஒண்ணுமே இல்ல, மண்ணுலேர்ந்து நேரா இலைதான், பட்டையா, நுனி கூரா, இடுப்பு உயரம். கரும்பச்சைல குறுக்க குறுக்க வெளிர் வரி, ரெண்டு ஓரமும் மஞ்சள் பார்டர். பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கமா பிதுங்கி கோணலாயிடுச்சு, தண்ணி ஊத்துனா உள்ள இறங்காம அப்படியே வழிஞ்சு கீழ் வீட்டு பால்கனில சொட்டுது, அந்த ஆன்ட்டி லிஃப்ட்ல பாக்கும்போதெல்லாம் கேக்குறாங்க. பக்கத்து வீட்டு சார் கத்தாழைங்கறார், ஆனா ஒடச்சா ஜெல் எதுவும் வரல. பிரிச்சு வேற வேற தொட்டில வைக்கலாமா? வீட்ல பூனை இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

அல்சூர்_மொட்டமாடி:
கத்தாழை இல்லீங்க, ஸ்நேக் பிளான்ட். தாவரவியல் பேர் சான்சிவேரியான்னு இருந்தத இப்ப டிரசீனாங்கற பேரினத்துல சேத்துட்டாங்க, நர்சரில இன்னும் பழைய பேர்தான் ஓடுது. மஞ்சள் ஓரம் இருக்கறதால லாரன்டி ரகம். சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. நம்ம பக்கம் பொட்டக்காட்டுல மொளைக்கிற மருள் இருக்கே, அது இதுக்கு பங்காளி, அதுலேர்ந்து நார் எடுத்து வில்லுக்கு நாண் திரிச்சிருக்காங்க. தொட்டி பிதுங்கறது இஞ்சி மாதிரி மண்ணுக்குள்ள கிழங்கு ஓடுறதாலதான், தாராளமா பிரிக்கலாம்.

கிரீன்_தம்பி:
எதுக்கு தொட்டிய எல்லாம் கவுத்துக்கிட்டு, இலைய துண்டு துண்டா வெட்டி தண்ணில வைங்க ப்ரோ, வேர் வந்துடும். பெட்ரூம்ல வைங்க, ராத்திரி ஃபுல்லா ஆக்சிஜன், நாசாவே சொல்லிருக்கு.

சித்தாபுரா_ரெகுலர்:
தம்பி, வேர் வரும், ஆனா வர்ற குட்டி வெறும் பச்சையா வரும். மஞ்சள் ஓரமும் நடுப்பச்சையும் வேற வேற செல் அடுக்கு, இலைத்துண்டுலேர்ந்து கெளம்புற குட்டிக்கு அந்த மஞ்சள் அடுக்கு வராது. மஞ்சள் வேணும்னா கிழங்கோட பிரிக்கறது ஒண்ணுதான் வழி. அப்புறம் அந்த நாசா ஆராய்ச்சி 1989ல சின்ன மூடின பெட்டிக்குள்ள பண்ணது, அதுவும் காத்துல இருக்கற கெமிக்கல பத்தி, ஆக்சிஜன் பத்தி இல்ல. ஜன்னல தொறந்து வைக்கறதே மேல்.

ஜேபிநகர் சார், பிரிக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் தண்ணி ஊத்தாதீங்க, மண்ணு காஞ்சா சுலபமா உதிரும். இலைய புடிச்சு இழுக்க வேணாம், தொட்டி எப்படியும் போச்சு, கத்தியால கீறி எடுத்துடுங்க. மண்ண உதறுனா ஆரஞ்சு கலர்ல தடியா கிழங்கு தெரியும், ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவுல அதை வெட்டணும், ரொட்டி வெட்டுற பல்லு வச்ச கத்தி நல்லா வேலை செய்யும், ஸ்பிரிட்ல தொடச்சுக்கோங்க. ஒவ்வொரு பங்குலயும் ரெண்டு மூணு இலையும் சொந்த வேரும் இருக்கட்டும். உடனே நடாதீங்க, வெட்டுவாய் காயணும், ஒண்ணு ரெண்டு நாள் நிழல்ல போடுங்க. இதை அவசரப்பட்டா அழுகல்தான்.

ஜேபிநகர்_வாடகைவீடு:
ரொம்ப தேங்க்ஸ் சார். மண்ணு என்ன போடறது? மழை ஆரம்பிச்சிடுச்சே, இப்ப பண்ணலாமா? உயரமான இலைய பாதில வெட்டி குட்டையாக்கிடலாமா?

சித்தாபுரா_ரெகுலர்:
மழை பரவால்ல, சாரல் படாத எடமா இருந்தா போதும். டிசம்பர் ஜனவரி குளிர்லதான் வேர் புடிக்க லேட் ஆகும். செம்மண் பாதி, கரடு மணலோ பெர்லைட்டோ (தண்ணி வடிய மண்ணுல கலக்கற லேசான வெள்ளைக் குருணை) பாதி, கொஞ்சம் தொழு உரம். வெறும் கோகோபீட் (தேங்காநார்த் தூள்) வேணாம், ஈரத்த புடிச்சு வச்சுக்கும். தொட்டி மண் தொட்டியா வாங்குங்க, உயரமான செடி, பிளாஸ்டிக் சாஞ்சிடும். லால்பாக் பக்கம் சித்தாபுரா நர்சரிகள்ல கிடைக்கும். கிழங்கோட சுத்தளவுக்கு மேல ரெண்டு விரல் எடம் இருந்தா போதும், பெருசு வாங்காதீங்க. முதல் தண்ணி ஒரு வாரம் கழிச்சு. இலைய வெட்டாதீங்க, வெட்டின இலை அதுக்கு மேல வளராது, வெட்டு அப்படியே நிக்கும்.

அல்சூர்_மொட்டமாடி:
பூனை விஷயத்த யாரும் சொல்லல. இதுல சப்போனின்ங்கற நச்சுப்பொருள் இருக்கு, மென்னு தின்னா வாந்தி பேதி ஆகும். பிரிக்கற அன்னிக்கு பூனைய வேற ரூம்ல போட்டு பூட்டுங்க, கிழங்குத் துண்டெல்லாம் தரைல கெடக்கும். அப்புறமும் ஸ்டூல் மேல வைக்காதீங்க, அது ஏறிடும், கதவு சாத்துற பால்கனிதான் சரி.