கைக்குழந்தையோடு ஹோட்டலுக்கு வருபவர்களிடம் ஒரு கேள்வி

மாம்பலத்தான்:
திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணி, தி.நகர். டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் கால் கடுக்க நின்று உள்ளே போனால் பக்கத்து மேசையில் ஒரு கைக்குழந்தை. அழுதது, அது பரவாயில்லை, குழந்தை என்றால் அழத்தான் செய்யும். ஆனால் என் நெய் ரோஸ்ட் வந்து இறங்கிய நேரத்தில் அந்த சோபா சீட்டிலேயே குழந்தையைப் படுக்கவைத்து டயபர் மாற்றினார்கள் பாருங்கள்! சுருட்டிய டயபரை எச்சில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போயே விட்டார்கள். குழந்தைக்கு ரெண்டு வயது ஆகும்வரை ஹோட்டலுக்கு வராமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? பார்சல் இருக்கிறது, ஸ்விக்கி இருக்கிறது. எங்கள் அம்மா எல்லாம் இப்படியா ஊர் சுற்றினார்கள்?

யாழினிஅம்மா:
டயபர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம், அதை மேசையில் விட்டுப்போனது அநாகரிகம். ஆனால் அதிலிருந்து ‘ரெண்டு வருஷம் வீட்டுக்குள் கிட’ என்பதற்கு எப்படித் தாவினீர்கள் சார்? உங்கள் அம்மா காலத்தில் வீட்டில் பாட்டி, அத்தை, சித்தி என்று யாராவது இருந்திருப்பார்கள். எங்களுக்குச் சொந்த ஊர் தென்காசி, வேலை சென்னை, வீட்டில் நானும் அவரும்தான். ருசிக்காக யார் போகிறார்கள்? இன்னொருவர் சுட்டுக் கொடுத்த தோசையை, இன்னொருவர் கழுவப்போகிற தட்டில் வைத்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடலாம் என்ற ஆசைதான். அதுவும் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு.

அப்புறம், டயபரை எங்கே மாற்றுவது என்று சொல்லுங்கள். பெண்கள் கழிப்பறையில் ஈரத் தரை, ஒரு வாளி, தாழ்ப்பாள் போட முடியாத கதவு. தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறைகள் 2015லேயே வந்துவிட்டன. ஏசி ஹாலுக்குத் தனி விலை வாங்குகிறவர்களால் சுவரில் ஒரு மடக்குப் பலகை அடிக்க முடியவில்லை.

டெல்டாக்காரன்:
எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அந்த அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுகிறார்கள். அதை விடுங்கள். எனக்கு அழுகையைவிட எரிச்சலாக இருப்பது செல்போன்தான். குழந்தை வாயைத் திறக்க மேசையில் போனை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, அதே கார்ட்டூன் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். ரெண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது, உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது என்றது. யார் கேட்கிறார்கள்?

ரெட்டைப்புள்ளைக்காரி:
தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன் :) போன் காட்டினால் ‘பாரு, போன் கொடுத்தே வளர்க்கிறாள்’, காட்டாமல் குழந்தை கத்தினால் ‘ஒரு பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை’. சத்தம் வைப்பது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி இந்தத் திரியில் எல்லோரும் அம்மா அம்மா என்றே பேசுகிறீர்களே, பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு கையாலும் பரோட்டா பிய்க்கும் அப்பாவை யாரும் பார்க்கவில்லையா? ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது, அவருக்கு முதலில் சாப்பாடு என்ற பேச்சே கிடையாது.

மாம்பலத்தான்:
சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. எட்டு மாதக் குழந்தைக்கு ஹோட்டல் சாம்பாரை இட்லியில் பிசைந்து ஊட்டுகிறார்கள். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்காதே என்றுதானே டாக்டர்கள் சொல்கிறார்கள்? அது மட்டும் சரியா?

யாழினிஅம்மா:
சரியில்லைதான். ஹோட்டல் இட்லி மாவிலேயே உப்பு இருக்கும், நான் வீட்டிலிருந்து பருப்புச் சாதம் மசித்துக் கொண்டுபோகிறேன். அதற்கும் சில இடங்களில் ‘வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை’ என்ற போர்டைக் காட்டுகிறார்கள், பல் முளைக்காத பிள்ளையின் டப்பாவைப் பார்த்து! எங்கே போய் முட்டிக்கொள்வது?

கல்லாப்பெட்டி:
நான் ஹோட்டலில் சூப்பர்வைசர். எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்து பயம் அழுகை இல்லை, சூடு. சர்வர் ஒரு கையில் சாம்பார் வாளியோடு திரும்புவார், அந்த நேரம் பார்த்து நடக்கப் பழகின பிள்ளை குறுக்கே ஓடும். அடுத்தது காபி. டபராவை மேசை ஓரத்தில் வைத்தால் மடியில் இருக்கிற குழந்தை ஒரே இழுப்பில் தன் மேலேயே கொட்டிக்கொள்ளும். அதனால்தான் குழந்தையோடு வந்தால் சுவர் ஓர மேசை, சமையலறைப் பாதைக்குத் தள்ளி. கொடுத்தால் ‘எங்களை மூலையில் ஒதுக்குகிறீர்களா’ என்று சண்டை வேறு. ஹை சேர் கேட்கிறவர்கள் முதலில் அதில் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள், பல கடைகளில் அறுந்துபோயிருக்கும், எங்களிடமும் ஒன்று அப்படித்தான் நிற்கிறது. கை கழுவும் தொட்டியில் பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, சொன்னால் கெட்ட வார்த்தை வரும்.

மேசைக்கடியில் கிடக்கும் இட்லித் துணுக்கைக் குனிந்து பொறுக்குவது மேசை துடைக்கும் பையன். பிள்ளை மென்று துப்பியதைக்கூட சிலர் அப்படியே தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவன் கையில் இருபது ரூபாய் வைப்பவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

முடிந்தால் ஆறரை மணிக்கு வாருங்கள். ஹால் காலியாக இருக்கும், சர்வரே பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வார், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஏழரைக்கு மேல் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நிற்கும்.

யாழினிஅம்மா:
அண்ணா, அவர் ஆபீஸ் விட்டு வீடு வந்து சேரவே எட்டு ஆகிறது. ஞாயிறு ஆறரைக்கு வரலாம், வருகிறேன். ஆனால் அந்தப் பலகை?

கல்லாப்பெட்டி:
கேட்டுப்பார்த்தாயிற்று தங்கச்சி. அந்த இடத்தில் ரெண்டு பேர் உட்காருகிற மேசை போடலாமே என்கிறார் முதலாளி.

மாம்பலத்தான்:
முதலாளி கணக்கு அவருக்கு. அதற்காக நான் நெய் ரோஸ்டுக்குப் பக்கத்தில் டயபரைப் பார்க்கவேண்டுமா? காரில் வைத்து மாற்றிவிட்டு வரலாமே?

ரெட்டைப்புள்ளைக்காரி:
நாங்கள் பைக்கில் வருகிறோம் சார்.