கொரோலா கே.இ.70: ஹெட்லைட் பல்ப் நிண்டு பிடிக்குதில்லை

காரைத்தீவான்:
வணக்கம். 1982 ரொயோற்றா கொரோலா கே.இ.70 கார், எச்4 பல்ப் (ஒரு பல்ப்புக்குள்ளையே ஹை, டிம் எண்டு இரண்டு இழை), 60/55 வாற். இரண்டு பக்கமும் அடிக்கடி எரிஞ்சு போகுது. இடப்பக்கம்தான் கூட. இரவிலை பொன்னாலைத் தாம்போதியாலை (கடலுக்குக் குறுக்கை போற றோட்டு) ஒற்றை லைற்றோடை வாறது ஆபத்து, அதாலை காரணத்தைக் கண்டுபிடிச்சே ஆகவேணும். கவனிச்ச வரைக்கும்: அக்சிலேற்றரை மிதிக்க வெளிச்சம் கூடுது. பற்றறித் தண்ணி கெதியா வத்துது. இடப்பக்க ஹோல்டர் கறுத்துப்போய்க் கிடக்கு. கராஜிலை 100/90 வாற் பல்ப் போடச் சொல்லினம். போடலாமோ?

வயர்மன்:
போடாதேங்கோ. 100 வாற் பல்ப் இரண்டும் ஹையிலை எரிஞ்சால் 16 அம்பியருக்கு மேலை இழுக்கும். அவ்வளவும் உங்கடை பழைய வயருக்குள்ளாலையும் ஸ்ரியரிங்குக்குக் கீழை இருக்கிற டிம் சுவிச்சுக்குள்ளாலையும்தான் போகவேணும். பல்ப்புக்கு முதல் சுவிச்சு உருகும்.

தண்ணி வத்துறதும் வெளிச்சம் கூடுறதும் ஒரே நோயின்ரை குணம்: சார்ஜிங் வோல்ற்றேஜ் கூட. புதுப் பல்ப் வாங்க முதல் மீற்றரைப் பிடியுங்கோ. என்ஜின் சூடானபிறகு, லைற்றைப் போட்டு, 2000 ஆர்.பி.எம்.மிலை பற்றறியின்ரை இரண்டு முனையிலையும் அளவுங்கோ. 13.8 இலை இருந்து 14.4 வரை சரி. 14.8 தாண்டினால், சார்ஜிங் வோல்ற்றேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேற்றரைப் பாக்கவேணும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாச் சொல்லுறன் எண்டால், 12 வோல்ற் எண்டு எழுதியிருந்தாலும் எச்4 பல்ப்பைச் சோதிக்கிறது 13.2 வோல்ற்றிலை. அதுக்கு மேலை 5 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதியாகும். பல்ப்பிலை 15 வோல்ற் விழுந்தால் ஏறத்தாழ ஐஞ்சிலை ஒரு பங்குதான் மிஞ்சும்.

அடுத்தது, பல்ப்பிலையே அளவுங்கோ. மீற்றரின்ரை ஒரு முனையைக் காரின்ரை பொடியிலை (உலோக உடம்பிலை) வைக்கவேண்டாம். அந்தக் காலத்து ரொயோற்றாக்களிலை பல்ப்பின்ரை பொதுக் காலுக்குப் பிளஸ் நேரா வரும், டிம் சுவிச்சு எர்த்தைத்தான் வெட்டி ஒட்டும். பொடியிலை வைச்சு அளந்தால் ஏமாந்துபோவியள். பல்ப் எரிஞ்சுகொண்டிருக்கேக்கை, அதின்ரை பொதுக் காலுக்கும் டிம் காலுக்கும் இடையிலை பாருங்கோ.

நல்லூர் மெக்கானிக்:
எரிஞ்ச பல்ப்பை எறிஞ்சுபோடாதேங்கோ தம்பி, அதுவே காரணம் சொல்லும். இழை அறுந்த நுனியிலை சின்ன உருண்டை மாதிரி உருகியிருந்தால் வோல்ற்றேஜ் கூட, இல்லாட்டி வயசு. இழை நெளிஞ்சு சுருள் குழம்பிக் கிடந்தால் அதிர்வு. கண்ணாடியிலை வெள்ளைத் திட்டோ கொப்புளமோ எண்டால் கைவிரல் எண்ணெய் பட்டிருக்கு. உள்ளுக்கு வெள்ளை, மஞ்சள் தூள் படிஞ்சிருந்தால் காத்துப் புகுந்திருக்கு.

இடப்பக்கத்துப் பல்ப்பிலை என்ன தெரியுது?

காரைத்தீவான்:
நன்றி. பற்றறியிலை 15.1. வலப்பக்கப் பல்ப்பிலை 14.6, இடப்பக்கத்திலை 13.4. இடப்பக்கத்துப் பழைய பல்ப்புகளுக்குள்ளை வெள்ளைத் தூள் கிடக்கு. குறைஞ்ச வோல்ற்றேஜ் வாற பக்கம்தானே கூட நாள் நிக்கவேணும்?

நல்லூர் மெக்கானிக்:
அதுதான் விசயம். உங்களுக்கு இரண்டு பிழை இருக்கு. வலப்பக்கத்தைக் கொல்லுறது ரெகுலேற்றர். இடப்பக்கத்தைக் கொல்லுறது அந்தக் கறுத்த ஹோல்டர்.

பல்ப்பின்ரை அடியிலை கண்ணாடியை நசுக்கி மூடின இடத்துக்குள்ளை மெல்லிய மொலிப்டினம் தகடு இருக்கு. கால் இறுக்கமாப் பிடிக்காத ஹோல்டர் சூடேறும். அந்தச் சூட்டிலை தகடு ஒக்சைட் ஆகி மூடின இடம் வெடிக்கும். காத்துப் புகுந்தால் இழை புகைஞ்சு வெள்ளைத் தூளாப் படியும். தாம்போதிக் காத்திலை வாற உப்பு செப்பைப் பச்சையாக்கிறதாலை இடப்பக்கம் முதல் கெட்டிருக்கு. பச்சையைச் சுரண்டிப்போட்டுத் திருப்பிக் கொழுவுறதிலை பிரயோசனம் இல்லை, உள்ளுக்கு வில்லு இளகிப்போச்சு. செராமிக் ஹோல்டர் வாங்கி, கறுத்த வயரைச் செப்பு பளபளக்கிற இடம் வரைக்கும் வெட்டிப்போட்டு, கிரிம்ப் பண்ணிச் சேருங்கோ. பின்பக்க றப்பர் மூடி வெடிச்சிருந்தால் அதையும் மாத்துங்கோ. சூடான கண்ணாடியிலை மழைத்துளி பட்டால் வெடிப்புத்தான். பல்ப்பைப் பிடிக்கிற கம்பியும் ஆடக்கூடாது.

புதுப் பல்ப்பை உலோக அடியிலை பிடியுங்கோ. விரல் பட்டால் ஃபார்மசியிலை வாற ஸ்பிரிட்டாலை துடைச்சு, காய்ஞ்சபிறகு போடுங்கோ.

வயர்மன்:
ரெகுலேற்றரை மாத்த முதல் அதின்ரை எர்த்தைப் பாருங்கோ. கே.இ.70 இலை சிலதுக்கு ரெகுலேற்றர் தனிப் பெட்டியா வெளியிலை இருக்கும். அதின்ரை அடி துருப்பிடிச்சு, பொடியோடை சரியாப் பொருந்தாமல் இருந்தால் வோல்ற்றேஜைக் குறைச்சு உணர்ந்து கூடச் சார்ஜ் பண்ணும். ஆணியைக் கழட்டி, இரண்டு பக்கமும் சான்ட்பேப்பர் போட்டுத் திருப்பிப் பூட்டி அளவுங்கோ. அப்பவும் 15 எண்டால் புதுசு போடத்தான் வேணும். பழைய பெட்டிக்குள்ளை இருக்கிற கையை வளைச்சுச் சரிக்கட்டலாம், ஆனால் உள்ளுக்குத் தொட்டு விலகுற முள்ளு தேய்ஞ்சிருந்தால் அது நிக்காது.

பற்றறிக் கிளிப்பும் இறுக்கமா இருக்கவேணும். ஓட்டத்திலை அது ஒரு கணம் விட்டால் வோல்ற்றேஜ் குத்தெண்டு ஏறிப் பல்ப் மட்டுமில்லை, ரேடியோவும் போகும்.

பற்றறியிலை இருந்து பல்ப்புக்கு நேராக் கரண்ட் விட ரிலே (சின்னக் கரண்டாலை பெரிய கரண்டைப் போட்டு நிப்பாட்டுற சுவிச்சு) போடுறதெண்டால் இதெல்லாம் முடிஞ்ச பிறகு மட்டும். இப்ப பழைய வயர் 0.5 வோல்ற்றைத் தின்னுறதுதான் வலப்பக்கத்தைக் கொஞ்சமாவது காப்பாத்துது. 15.1 வோல்ற்றை ரிலேயாலை நேரா விட்டால் பல்ப் இன்னும் கெதியாப் போகும். 14.2 க்கு இறக்கினாப்போலை, 30 அம்பியர் நாலு கால் ரிலே இரண்டு, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றறிக்குப் பக்கத்திலை 20 அம்பியர் ஃபியூஸ். பழைய பல்ப் பிளக்கிலை வாற பிளஸ்ஸை இரண்டு ரிலேயின்ரையும் 86 எண்டு நம்பர் போட்ட காலுக்குக் குடுங்கோ. டிம் வயரை ஒண்டின்ரை 85 க்கும், ஹை வயரை மற்றதின்ரை 85 க்கும். ஃபியூஸிலை இருந்து வாறது 30 க்கு. 87 இலை இருந்து புது ஹோல்டர்களின்ரை டிம், ஹை கால்களுக்கு. பொதுக் காலைப் பொடியிலை சுத்தமான எர்த்துக்கு விடுங்கோ.

நல்லூர் மெக்கானிக்:
ஆராவது எல்.ஈ.டி. போடச் சொன்னால் கேளாதேங்கோ. எச்4 இழைக்கெண்டு செய்த றிஃப்ளெக்ரரிலை அதின்ரை வெளிச்சம் சிதறி எதிரை வாறவன்ரை கண்ணிலைதான் அடிக்கும். எர்த்தை வெட்டுற வயரிங்கிலை சில எல்.ஈ.டி. எரியவும் மாட்டுது. 60/55 ஹலோஜன், ஒரே மேக்கிலை ஒரு சோடி, அது காணும்.