கொல்லையில் நீச்சல் குளம் கட்டலாமா?

கோடைமழை:
வீட்டுக்குப் பின்னால் இடம் சும்மாதான் கிடக்கிறது. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலத்தில் நீச்சல் குளம் கட்டலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கோடை விடுமுறை வந்தாலே பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு அறைக்குள் அடைந்துவிடுகிறார்கள். வெளியூர் போய் வந்தாலும் அலைச்சல்தான் மிச்சம். குளம் இருந்தால் எல்லோரும் வெளியே வருவோம், ஒன்றாக இருப்போம். கட்டலாம் என்பதுதான் என் எண்ணம். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.

வறள்நிலம்:
வேண்டாம் நண்பரே. நீங்கள் சொல்லும் அளவுக்குச் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்தாலே 48,000 லிட்டர் பிடிக்கும். அது முதல் தடவை நிரப்புவதற்கு மட்டும். வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். 32 சதுர மீட்டர் பரப்புக்கு அது 160 லிட்டர்.

2018இல் கேப்டவுன் நகரம் வறட்சியில் தவித்தபோது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். குடிக்க, குளிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். உங்கள் குளத்திலிருந்து யாருக்கும் பயனில்லாமல் தினமும் ஆவியாகப் போவது அந்தக் கணக்கில் மூன்று பேருக்கான தண்ணீர். குளம் எந்த மாதத்தில் அதிகம் தண்ணீர் கேட்கிறதோ, அதே மாதத்தில்தான் ஊருக்கும் தட்டுப்பாடு வரும். என்னால் இதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச முடியாது.

நீலவானம்:
எங்கள் வீட்டில் குளம் இருக்கிறது. அதனால் எதிர்க் கணக்கையும் சொல்கிறேன். நிரப்பிய தண்ணீரை யாரும் ஆண்டுதோறும் கொட்டுவதில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் அதே தண்ணீர் பல வருடம் நிற்கும். ஆவியாதலுக்குக் குளத்தின் மேல் விரிக்கிற கவர் இருக்கிறது. குளிக்காத நேரமெல்லாம் மூடி வைத்தால் இழப்பு பெருமளவு குறையும். அதே இடத்தில் பச்சைப் புல் வளர்த்தால் கோடையில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அதாவது நாளுக்கு மூன்றரை மில்லிமீட்டர். மூடி வைத்த குளம் அதைவிடக் குறைவாகவே கேட்கும். புல்தரை போடுகிறவரை யாரும் இப்படிக் கேள்வி கேட்பதில்லையே?

கிடைக்கும் பலனையும் பாருங்கள். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் 28 டிகிரி காற்று புழுக்கமாக இருக்கிறது, 28 டிகிரி தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. என் மாமியாருக்கு மூட்டு வலி. தரையில் பத்து நிமிடம் நடக்கச் சிரமப்படுகிறவர். கழுத்தளவு தண்ணீரில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். மாலையில் அவர் தண்ணீருக்குள் நடப்பதைப் பார்த்தவர்கள் குளத்தை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள்.

வறள்நிலம்:
பச்சைப் புல்லும் வேண்டாம் என்பதுதான் என் பதில். தவறான ஒன்றோடு ஒப்பிட்டு இன்னொன்றைச் சரியாக்க முடியாது. மணல் ஃபில்டரைச் சுத்தம் செய்ய பேக்வாஷ் போடும்போதும் (தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டிக் கழுவும்போதும்) நூற்றுக்கணக்கான லிட்டர் சாக்கடைக்குப் போகிறதே, அது உங்கள் கணக்கில் வரவில்லை. பொது நீச்சல் குளத்தில் அதே தண்ணீரை நூறு பேர் பயன்படுத்துகிறார்கள்.

நீலவானம்:
பொதுக் குளத்துக்கு மாமியாரை அழைத்துப் போயிருக்கிறோம். கூட்டம், நேரக் கட்டுப்பாடு, இறங்க ஏணி மட்டும். அங்கே அவரால் முடியவில்லை. வீட்டுக் குளத்தில் கைப்பிடியோடு படிக்கட்டு வைத்திருக்கிறோம். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

வெள்ளுடை:
நான் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் செவிலியர். தண்ணீர்க் கணக்கு இருக்கட்டும். உயிர்க் கணக்கை இன்னும் யாரும் பேசவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது கத்த முடியாது. கைகள் தானாகப் பக்கவாட்டில் நீரை அழுத்தும், தலை பின்னால் சாயும், சத்தமே இருக்காது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். அடுத்த அறையில் இருக்கிறவருக்குக் கேட்காது. கரையில் உட்கார்ந்து போன் பார்க்கிறவருக்கும் கேட்காது.

அதனால் கோடைமழை, குளம் கட்டுங்கள் அல்லது விடுங்கள், அது உங்கள் விருப்பம். கட்டினால் நான்கு பக்கமும் வேலி. மூன்று பக்கம் வேலி, நான்காவது பக்கம் வீட்டுச் சுவர் என்று வைக்காதீர்கள். குழந்தை வருவது வீட்டுக்குள்ளிருந்துதான். சமையலறைக் கதவைத் திறந்தால் குளம் என்கிற அமைப்புதான் மிக ஆபத்தானது. ஆஸ்திரேலியாவில் வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும், கதவு தானாக மூடித் தாழிட வேண்டும், குளத்துக்கு எதிர்ப்புறமாகத்தான் திறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வேலிக்குப் பக்கத்தில் ஏறி நிற்க நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது.

கோடைமழை:
அம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் நீச்சல் தெரியும். வேலி போட்டால் குளத்தின் அழகே போய்விடும் என்று வீட்டில் தயங்குகிறார்கள். தண்ணீரில் எதாவது விழுந்தால் ஒலிக்கிற அலாரம் விற்கிறார்களே, அது போதாதா? பிரான்சில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலிக்குப் பதில் அலாரம் வைத்தாலும் போதும் என்று படித்தேன்.

வெள்ளுடை:
அந்தச் சட்டம் வேலி, மூடி, கூரை, அலாரம் நான்கில் ஒன்று போதும் என்கிறது, உண்மைதான். ஆனாலும் என் கருத்து மாறாது. அலாரம் குழந்தை விழுந்த பிறகுதான் ஒலிக்கும். வேலி விழவே விடாது. பேட்டரி தீர்ந்த அலாரத்தை யார் கவனிப்பார்கள்?

உங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்றால் சந்தோஷம். விருந்துக்கு வருகிற தங்கை குழந்தைக்குத் தெரியுமா? நீச்சல் தெரிந்த பெரிய பையன்களிடமும் ஒன்று சொல்லிவையுங்கள்: யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி வேண்டாம். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால் உடலில் கரியமில வாயு குறைந்துவிடும், மூச்சு வேண்டும் என்ற உந்துதலே வராது, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். நன்றாக நீந்துகிறவர்களுக்குத்தான் இது நடக்கிறது.

நீலவானம்:
வேலி எங்களிடமும் இருக்கிறது. ஆனால் வெள்ளுடை எழுதியதைப் படித்தால் யாருமே குளம் கட்ட மாட்டார்கள். பெரியவர் ஒருவர் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்று, போனை உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும். நாங்கள் முறை வைத்துச் செய்கிறோம். பயத்தாலேயே பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்கினால் அவர்கள் நீச்சலும் கற்க மாட்டார்கள், அதுவும் ஆபத்துதானே?

வெள்ளுடை:
குளிக்கும் நேரத்துக்கு உங்கள் முறை சரி. சின்னக் குழந்தைகள் பலர் விழுவது யாரும் குளிக்காத நேரத்தில், பெரியவர்கள் "உள்ளேதான் விளையாடுகிறான்" என்று நம்பிக்கொண்டிருக்கும்போது. அந்த நேரத்துக்குக் காவல் வேலி மட்டும்தான். குளித்து முடித்ததும் பந்து, மிதவை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்துத்தான் குழந்தை போகும். காற்றடைத்த பிளாஸ்டிக் குளமாக இருந்தாலும் அன்றன்றே கவிழ்த்துவிட வேண்டும்.

பம்புக்காரன்:
குளம் பராமரிப்புதான் நமக்குத் தொழில். கட்டணும்னு முடிவு பண்றவங்க இதையும் தெரிஞ்சுக்கணும்.

தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கிறதாலயே சுத்தமா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பி.எச்., அதாவது தண்ணியோட அமில-கார அளவு, 7.2க்கும் 7.8க்கும் நடுவுல நிக்கணும். 8ஐத் தாண்டிட்டா நீங்க போடுற குளோரின்ல பெரும்பகுதி கிருமியக் கொல்ற வடிவத்துலயே இருக்காது. அப்புறம் வெயில். ஸ்டெபிலைசர் (வெயில்ல குளோரின் சிதையாம காக்குற மருந்து) இல்லாத குளோரின் உச்சி வெயில்ல ஒரு மணி நேரத்துல பாதிக்கு மேல போயிடும். அதனால சாயங்காலம் போடுங்க. குப்புன்னு வாடை அடிச்சா குளோரின் ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொல்வாங்க. அப்படி இல்ல. வேர்வை, சிறுநீரோட சேர்ந்து குளோரின் குளோரமினா மாறிடுச்சுன்னு அர்த்தம். கண் எரியிறதும் அதனாலதான். இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ உடம்ப அலசிட்டு இறங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆசிட்டையும் குளோரினையும் ஒண்ணா கலக்கவே கூடாது, ஒரே அலமாரியில வைக்கவும் கூடாது. விஷ வாயு வரும். ரெண்டு வகைக் குளோரின ஒரே டப்பாவுல கொட்டினாலும் தீப்பிடிக்கும். மருந்தத் தண்ணியிலதான் போடணும், மருந்து மேல தண்ணி ஊத்தக் கூடாது.

கரண்ட் பில்லுக்குப் பயப்படுறவங்க வேகத்தக் குறைக்கிற பம்பு வாங்குங்க. வேகத்தப் பாதியாக்கினா தண்ணி ஓட்டம் பாதியாகும், ஆனா மின்சாரம் எட்டுல ஒரு பங்குக்கு வந்துரும். ரெண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் லாபம்தான்.

வெள்ளுடை சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். நீலவானம் சொன்ன குமிழிக் கவர் ஆவியாதலுக்கு மட்டும்தான். அது மேல குழந்தை கால் வச்சா அமுங்கி, சுத்திக்கும். மேல இருந்து பாத்தா உள்ள குழந்தை இருக்கிறதே தெரியாது. ஆளத் தாங்குற பாதுகாப்பு மூடி வேற, இது வேற. மூடிட்டோம்னு வேலிக் கதவத் திறந்து போடாதீங்க. பாதி விரிச்ச நிலையில யாரும் இறங்கவும் வேணாம்.

கோடைமழை:
இதை எதிர்பார்க்கவில்லை. கவர் இருந்தால் இரண்டு பிரச்சினையும் தீரும் என்றே நினைத்திருந்தேன். வேலிக்கான இடத்தையும் சேர்த்து மறுபடி வரைபடம் போடச் சொல்கிறேன். வறள்நிலம், தண்ணீருக்கு ஒரு யோசனை: 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 1 மில்லிமீட்டர் மழைக்கு 100 லிட்டர் கிடைக்கும். 480 மில்லிமீட்டர் பெய்தால் குளமே நிரம்பும். மழைக்காலத்தில் பிடித்து நிரப்பிக்கொண்டால் குழாய்த் தண்ணீர் தேவைப்படாதே?

வறள்நிலம்:
சொட்டுக்கூட வீணாகாமல் பிடித்தால் கணக்கு சரி. முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் வரும், அதைக் கழிக்க வேண்டும். மீதியையும் வடிகட்ட வேண்டும். கோடையில் தினமும் ஆவியாவதை ஈடுகட்ட வேறு தொட்டியும் வேண்டும். குழாயைத் தொடாமல் இதெல்லாம் செய்தால் என் எதிர்ப்பில் பாதி குறையும். மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது: அந்த மழையை நிலத்துக்குள் இறக்கினால் உங்கள் கிணற்றிலும் பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் நீர்மட்டம் ஏறும். குளத்தில் தேக்கினால் உங்கள் வீட்டோடு நின்றுவிடும்.

நீலவானம்:
பெய்கிற மழை முழுவதையும் யாரும் குளத்தில் அடைக்கப் போவதில்லையே. குளம் நிறைந்ததும் வழிவதை நிலத்துக்குள் விட ஒரு குழாய் வைத்தால் போதும். கோடைமழை, வரைபடத்தில் அந்தக் குழாயையும் சேர்க்கச் சொல்லுங்கள். குளத்துக்குள் உட்கார ஒரு படி அகலமாக இருக்கட்டும், கைப்பிடி இரண்டு பக்கமும்.