அல்கலாய்டு படிகம்: ஃபிளாக் எண் 0.3(9) என வருகிறது

கேள்வி: இந்த அல்கலாய்டின் (தாவரத்தில் கிடைக்கும் நைட்ரஜன் காரம்) மூலக்கூறில் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. மாலிப்டினம் எக்ஸ்கதிரில் அமைப்பு அழகாகத் தீர்ந்தது, ஆர் மதிப்பு (அளவீட்டுக்கும் அமைப்புக்கும் உள்ள வித்தியாசம்) 4%. ஆனால் மூலக்கூறு இடக்கை வடிவமா, அதன் கண்ணாடிப் பிம்பமான வலக்கை வடிவமா என்று சொல்ல முடியவில்லை; அதைக் காட்டும் ஃபிளாக் எண் (வரைந்த கை சரி என்றால் 0, எதிர்க்கை என்றால் 1) 0.3(9). ஏன்?

பதில் 1: அடைப்புக்குள் இருக்கும் பிழை 0.9. அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. லேசான அணுக்களின் முரண் சிதறல் (இரு கைகளையும் பிரித்துக் காட்டும் எக்ஸ்கதிர் விளைவு) மாலிப்டினத்தில் (0.71 ஆங்ஸ்ட்ராம்) மிகச் சொற்பம். செம்புக் கதிருக்கு (1.54) மாறுங்கள். ஃப்ரீடல் இணைகளை (நேர்த்திசை, எதிர்த்திசைப் பிரதிபலிப்புச் சோடிகள்) முழுதாக எடுங்கள், ஒன்றாக்கிவிடாதீர்கள். பொருளில் ஒரே கை வடிவம்தான் உள்ளது என்று தெரிந்தால் பிழை 0.1க்குக் கீழ் போதும்.

பதில் 2: அதைவிட ஹைட்ரோபுரோமைடு உப்பாக மாற்றுவதே மேல், புரோமின் இருந்தால் மாலிப்டினமே போதும். 1956இல் ஸ்ட்ரிக்னின் என்ற அல்கலாய்டின் கைத்தன்மையை முடிவுசெய்ததும் இந்த உப்பில்தான். 5 மி.கி. காரத்தை அரை மி.லி. மெத்தனாலில் கரைத்து, சம மோல் அளவு மட்டும் ஹைட்ரோபுரோமிக் அமிலம் விடுங்கள். திறந்த சிறுகுப்பியை ஈதர் உள்ள பெரிய குப்பிக்குள் வைத்து மூடுங்கள். எண்ணெயாகப் பிரிந்தால் ஈதர் வேகமாக ஏறுகிறது, குளிரில் வையுங்கள்.

பதில் 3: படிகத்தைத் தாய்க்கரைசலிலிருந்து (அது வளர்ந்த கரைசல்) நேரே பாதுகாப்பு எண்ணெய்க்குள் எடுங்கள். காற்றில் விட்டால், கரைப்பான் பறந்து பால்போல் வெளுத்துவிடும்.