புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய பிறகு விளையாட்டு தொடங்கினால் கணினி அணைந்து மீண்டும் தொடங்குகிறது

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணினியில் புதிதாக ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். கணினியில் இருப்பவை இன்டெல் கோர் ஐ5-8400 பிராசசர், எச்310 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு பழைய ஹார்டு டிஸ்க். கேபினெட் வாங்கியபோது அதனுடனேயே வந்த எஸ்எம்பிஎஸ்தான் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இன்னும் ஓடுகிறது. அதன் மேல் 450 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. கார்டுக்கு உரிய 8 பின் வயர் அதில் இல்லை. ஆகவே கார்டு வாங்கிய கடையில் கொடுத்த கன்வெர்ட்டரைப் போட்டிருக்கிறேன். அது இரண்டு மோலக்ஸ் (பழைய டிஸ்க்குகளுக்கான 4 பின்) முனைகளிலிருந்து மின்சாரம் எடுத்து ஒரே 8 பின் முனையாகத் தருகிறது.

திரை வருகிறது, டிரைவர் ஏறிவிட்டது, இணையம் பார்ப்பதிலும் படம் பார்ப்பதிலும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சற்றுக் கனமான விளையாட்டு எதையாவது தொடங்கினால், சில நிமிடங்களில் நீலத்திரை எதுவும் வராமலேயே கணினி சட்டென்று அணைந்து தானாக மீண்டும் தொடங்குகிறது. அணைவதற்குச் சற்று முன்பு பார்த்தபோது கார்டின் வெப்பம் 60 டிகிரியைத்தான் ஒட்டி இருந்தது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பிழை பதிவாகியிருக்கிறது. கடையில் சொன்னபடி விண்டோஸ் 10-ஐ முழுவதுமாக அழித்து மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை.

மேலும் இரண்டு செய்திகள் உண்டு. கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் வழி) 1.1 வேகத்தில் ஓடுவதாக ஜிபியு-இசட் என்ற மென்பொருள் காட்டுகிறது. கேபினெட்டின் பின்புறத்தைத் தொட்டால் சில நேரம் லேசாகச் சுர்ரென்கிறது. இது கார்டு போடுவதற்கு முன்பிருந்தே உள்ளது. கணினி 600 விஏ யுபிஎஸ் ஒன்றின் வழியாக இயங்குகிறது. கார்டை மாற்றிக்கொள்ளும் கெடு முடியப்போகிறது என்பதால் கேட்கிறேன்: பழுது கார்டில்தானா?

மின்னோட்டம் எழுதியது:

கார்டைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம், நண்பரே. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் எஸ்எம்பிஎஸ் பக்கம்தான் கை காட்டுகின்றன. அதைவிட முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கணினியை மதர்போர்டின் எச்டிஎம்ஐ வழியாகவே பயன்படுத்துங்கள். கார்டையும் கழற்றிவிட்டால் ஐ5-8400-இல் உள்ள உள்ளமைந்த கிராபிக்ஸ் தானாகத் திரையைக் காட்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டின் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் மட்டுமே எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டியதை 8 பின் முனை வழியாக எடுத்துக்கொள்கிறது, அந்த முனைக்கு வகுத்த வரம்பு 150 வாட். 12 வோல்ட்டில் 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர். முறையான 8 பின் வயரில் இந்தச் சுமையை மூன்று 12 வோல்ட் கம்பிகள் பகிர்ந்துகொள்கின்றன. மோலக்ஸ் முனையிலோ 12 வோல்ட்டுக்கு ஒரேயொரு மஞ்சள் கம்பிதான் இருக்கிறது. இரண்டு மோலக்ஸ் போட்டிருக்கிறோமே என்று தோன்றலாம். ஆனால் மலிவான எஸ்எம்பிஎஸ்களில் அந்த இரண்டு முனைகளும் பெரும்பாலும் ஒரே வயரில் அடுத்தடுத்துத் தொங்குபவை, அதாவது முழுச் சுமையும் கடைசியில் ஒரு கம்பியில்தான் வந்து விழுகிறது. எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க்குகளுக்கான சாட்டா முனையிலிருந்து 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் இதைவிட மோசம், ஏனெனில் சாட்டா முனையின் 12 வோல்ட் தாங்குதிறன் 54 வாட்தான். பிளாஸ்டிக் உருகிய முனைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றும்போது உங்கள் முனைகளில் பழுப்பு நிறமோ கருகிய வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அந்த 450 வாட். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு சிறிய அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் +12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அந்த எண்ணை 12-ஆல் பெருக்குங்கள். உங்கள் கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைப்பது அவ்வளவுதான். மேலே அச்சிட்ட மொத்த வாட் கணக்கில் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சேர்ந்திருக்கும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் பென்டியம் 4 வந்தபோதே பிராசசர்கள் 12 வோல்ட்டை நோக்கி நகர்ந்துவிட்டன. ஆனாலும் 12 வோல்ட்டுக்குக் கொஞ்சமும் மற்ற இரண்டுக்கும் தாராளமும் ஒதுக்கி, கூட்டுத்தொகையை மட்டும் பெரிதாக அச்சிட்டு விற்கும் பழக்கம் மலிவுச் சந்தையில் இன்னும் ஒழியவில்லை.

ஆர்டிஎக்ஸ் 3060 எடுப்பது 170 வாட். அதுவும் சராசரிதான், சில மில்லிநொடிகளுக்கு அதைத் தாண்டித் துள்ளுவதும் உண்டு. பிராசசருக்கு 65 வாட், வேகம் தானாகக் கூடும் டர்போவில் அதற்கும் மேல். மின்விசிறிகளையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் மட்டும் 250 வாட் தாராளமாக வேண்டும். அந்த ஆம்பியர் எண் எவ்வளவு என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

பழையபெட்டி எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஊகத்தை மட்டும் நம்பிப் புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கச் சொல்வதற்கு முன்பு, கணினி எந்த விதத்தில் விழுகிறது என்பதைச் சரியாகப் பிரித்தறிய வேண்டும். திரை கறுத்துவிட்டு ஒலி மட்டும் தொடர்ந்து கேட்டால், அல்லது திரை ஒருமுறை சிமிட்டி விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால், டிரைவரைச் சந்தேகிக்கலாம். அப்போது ஈவென்ட் வியூவரில் டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்கவில்லை என்ற 4101 எண் பதிவு பெரும்பாலும் இருக்கும். கெர்னல்-பவர் 41 என்பது கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது, ஏன் என்று சொல்லாது. அந்தப் பதிவின் விவரப் பகுதியைத் திறந்து பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால், விண்டோஸுக்குப் பிழையைக் குறித்துக்கொள்ளவும் நேரம் கிடைக்காமல் மின்சாரம் போயிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். விண்டோஸை மறுபடி நிறுவச் சொன்னது வீண் வேலை.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட் என்ற அளவை 70 விழுக்காட்டுக்கு இறக்கி, அதே விளையாட்டை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கமான சோதனை. 170 வாட் கார்டு அப்போது 120 வாட்டை ஒட்டியே எடுக்கும். மறுதொடக்கம் நின்றுவிட்டால் கார்டின் சிப்பிலோ மெமரியிலோ குறை இருக்க வாய்ப்பு குறைவு. கையில் மல்டிமீட்டர் இருந்தால், சும்மா தொங்கும் மோலக்ஸ் முனை ஒன்றில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள். எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் 5 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம், அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. அளவுக்கு மீறி இறங்கினால் எஸ்எம்பிஎஸ், மின்சாரம் சரியாக இருக்கிறது என்று மதர்போர்டுக்குத் தரும் சமிக்ஞையை விலக்கிக்கொள்ளும், மதர்போர்டு உடனே ரீசெட் ஆகிவிடும். நீங்கள் பார்ப்பது அதுவாக இருக்கலாம்.

கன்வெர்ட்டரோடு சோதிப்பதா என்று மின்னோட்டம் கேட்பார். முனையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஓரிரு நிமிடம் ஓட்டுவதில் தவறில்லை என்பது என் கருத்து. சூடேறினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஜிபியு-இசட் 1.1 என்று காட்டுவது பழுது அல்ல. வேலை இல்லாதபோது கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த வரியின் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி அங்கே வரும் சோதனையை ஓட்டினால் 3.0 என்று மாறும். கார்டு 4.0 வகையைச் சேர்ந்தது, உங்கள் மதர்போர்டு 3.0 வரைதான் தரும்; இரண்டும் ஒத்துப்போகும்.

தென்பொருநை எழுதியது:

யுபிஎஸ்ஸை யாரும் கவனிக்கவில்லை. 600 விஏ என்று விற்பவற்றில் பல 360 வாட்தான் தரும். கணினி உள்ளே 280 வாட் எடுக்கும்போது, எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், சுவரிலிருந்து 350 வாட் இழுக்கும். மானிட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால் வரம்பு தாண்டிவிட்டது. மின்சாரம் இருக்கும் நேரத்தில் இவ்வகை யுபிஎஸ் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தை அப்படியே கடத்துகிறது என்பதால் குறை வெளியே தெரியாது. மின்னழுத்தம் சற்று இறங்கி அது பேட்டரிக்குத் தாவும் கணத்தில்தான் கணினி விழும். மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறையும் தெருவாக இருந்தால், இது எஸ்எம்பிஎஸ் பழுதைப் போலவே தோன்றும். ஒருமுறை கணினியை நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகி விளையாடிப் பாருங்கள்.

சுர்ரென்று இழுப்பதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் உலோகத்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில், அதாவது 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் கணினி செருகியிருக்கும்போதே எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிச் செருகினால் கார்டின் போர்ட் போய்விட வாய்ப்பு உண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த பிளக்கின் மூன்றாவது துளைக்கு உண்மையிலேயே கம்பி போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் துளை மட்டும் இருக்கும், கம்பி இருக்காது.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பார்த்தவற்றை எழுதுகிறேன். எஸ்எம்பிஎஸ் அட்டவணையில் +12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் 192 வாட்தான் வருகிறது. பக்செக்கோட் 0. சுவரில் நேரடியாகச் செருகியும் அதேபோல் அணைந்தது. பவர் லிமிட்டை 70-க்கு இறக்கியபோது அணையவில்லை, ஆனால் மல்டிமீட்டரில் 11.9 காட்டிக்கொண்டிருந்த மின்னழுத்தம் விளையாட்டு தொடங்கியதும் 11.3-க்கு இறங்கியது, கன்வெர்ட்டரும் கை பொறுக்காத அளவுக்குச் சூடானது. உடனே நிறுத்திவிட்டேன்.

பிறகு உறவினர் ஒருவரிடமிருந்து 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டேன். அதில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 45 ஆம்பியர் இருக்கிறது, கார்டுக்கு உரிய 8 பின் வயரும் இருக்கிறது. பவர் லிமிட்டை 100-க்கு ஏற்றியும் மாலை முழுவதும் விளையாட்டு நிற்காமல் ஓடியது. இப்போது அதே அளவில் சொந்தமாக வாங்கப்போகிறேன். வாங்கும்போதும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? உறவினரிடம் இன்னொரு பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் வயர்கள் உபரியாக இருக்கின்றன. நீளமாக இருப்பதால் அவற்றைப் பயன்படுத்தலாமா?

மின்னோட்டம் எழுதியது:

கூடாது. நீங்கள் கேட்டதில் இதுதான் முக்கியம். மாடுலர் (கழற்றி மாட்டும்) வயர்களில் கார்டுப் பக்கம் செருகும் முனை மட்டுமே பொது விதிப்படி அமைந்தது. எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனையில் எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் கிரவுண்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள், ஒரே தயாரிப்பாளரின் இரண்டு வரிசைகளுக்கு இடையிலும் மாறுவதுண்டு. முனை அழகாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்ட நொடியில் கார்டோ எஸ்எஸ்டியோ எரிந்துபோகும். பெட்டியில் வரும் வயர் கட்டையாக இருந்தாலும் அதையே போடுங்கள்.

அதேபோல் பிராசசருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேர்மாறான பக்கங்களில் அமைந்தவை. முதலாவது பொதுவாக 4+4 என்று பிரியும், இரண்டாவது 6+2 என்று பிரியும். துளைகளின் வடிவம் வேறு என்பதால் எளிதில் நுழையாது. நுழையாவிட்டால் அழுத்தாதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 3060-க்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். உங்கள் பிராசசருக்கு அது போதும், 650-க்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. 80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே முத்திரையைப் பார்ப்பதோடு, உத்தரவாதம் 5 ஆண்டுகளா, 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியரை ஒட்டி இருக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பொருத்தும் முன் சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வடியவிடுங்கள்.

தென்பொருநை சொன்ன யுபிஎஸ் சிக்கல் உங்களுக்கு இனிமேல்தான் வரக்கூடும். புதிய எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலும் மின்சாரத்தைச் சீராக இழுக்க உதவும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று இருக்கும். மலிவான யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தருவது சைன் அலை அல்ல, படிபடியான அலை. இரண்டும் சில வேளைகளில் ஒத்துப்போவதில்லை, மின்சாரம் போன கணமே கணினி அணைந்துவிடும். வேலை எதையும் திறந்து வைக்காமல், விளையாட்டும் ஓடாமல் இருக்கும்போது யுபிஎஸ்ஸின் பிளக் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். தாங்கினால் இந்த யுபிஎஸ்ஸையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் மின்வெட்டு வந்தவுடன் விளையாட்டை மூடிவிட வேண்டும். தாங்காவிட்டால் 1000 விஏ அளவில் சைன் அலை யுபிஎஸ் வாங்கும் வரை கணினியை நேரடியாகச் சுவரிலேயே செருகுங்கள், அதற்கு முன் அந்த பிளக்குக்கு எர்த் கம்பியை இழுத்துவிடுங்கள்.