மறு: காருக்கு 'செட்டப்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

சனிக்கிழமை புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் மாணவர்களுக்கு ஒரு நாள் பயிலரங்கு. சிமுலேட்டரில் கார் ஓட்டவைத்து சஸ்பென்ஷன் பாடம் நடத்தப்போகிறோம். கையேடு வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. டயர் காற்று, கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), பின் இறக்கை என்று ஓட்டுவதற்கு முன் மாற்றிவைப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பசங்க 'செட்டப்' என்கிறார்கள். அதை அப்படியே அச்சிட மனம் வரவில்லை. 'எல்லாம் செட்டப்பு' என்றால் நம் ஊரில் பொருளே வேறு.

ஒரு பையன் செய்ததைச் சொல்கிறேன். 'அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே' என்ற கார் பந்தய விளையாட்டில் ஜிடி3 வகைப் பந்தயக் கார். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு வெளியே போனது. முன் ஆன்டி ரோல் பாரை இரண்டு கிளிக் தளர்த்தினான், மூக்கு உள்ளே வந்தது. ஆனால் வேக வளைவில் வால் உதற ஆரம்பித்தது. பின் இறக்கையை ஒரு கிளிக் நிமிர்த்தினான். வால் அடங்கியது, நேர்பாதையில் வேகம் போயிற்று. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் 'திருத்தம்' ஒத்துவராது, அங்கே பிழை என்று ஒன்று இல்லை. 'அமைப்புகள்' என்பதை ஃபோன் எடுத்துக்கொண்டது. 'அமைவு' போடலாமா?

– லாஸ்பேட்டை

*

ஐயா, பொருத்தமான சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது: பண்ணல். சங்கப் பாட்டில் தேர் பண்ணுவது என்றால் குதிரை பூட்டி ஓட்டத்துக்கு ஆயத்தமாக்குவது. யாழுக்கும் அதே சொல்தான். சிலம்பின் கானல்வரியில் மாதவி யாழை வாங்கும் இடத்தில் எட்டுக் கலைத்தொழில் அடுக்கப்படுகிறது, முதலாவது பண்ணல். பாட நினைத்த பண்ணுக்கு நரம்பை இசையவைப்பது. ஒரு நரம்பைத் தொட்டால் மற்றவற்றையும் பார்க்க வேண்டும். உங்கள் மாணவர் பாரைத் தளர்த்திவிட்டு இறக்கைக்குப் போனதும் அதே வேலைதான். தேருக்கும் யாழுக்கும் பொதுவாக ஒரு வினை கிடைத்திருக்கிறது, விடலாமா?

– மஞ்சக்குப்பம், கடலூர்

*

பண்ணல் அழகுதான் ஐயா. ஆனால் பதினெட்டு வயதுப் பையனிடம் 'உன் பண்ணல் என்ன' என்று கேட்டால் விழிப்பான். இன்றைக்குப் பண்ணுவது என்றால் எந்த வேலையும்தான். அவர்கள் 'செட்டப் பண்ணு' என்றே சொல்கிறார்கள். நான் 'வாகு' என்பேன். 'வண்டி கைக்கு வாகா இருக்கு' என்று எங்கள் அம்மாகூடச் சொல்வார். ஒருவர் கைக்கு வாகானது இன்னொருவருக்கு ஆகாது, இதிலும் அப்படித்தானே?

எங்கள் தெருவில் சொல்தா பென்ஷன் (பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம்) வாங்கும் தாத்தா கார்புரேட்டர் திருகைத் தொட்டாலும் 'ரெக்லாழ்' என்பார், சரிப்படுத்துவது என்று பொருள். பிரெஞ்சுக்காரர் ரேஸ் காருக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். பட்டறைச் சொல்லே பந்தயத்துக்கும் போதும் என்று அதிலிருந்து தெரிகிறது.

– முத்தியால்பேட்டை

*

வாகு வடசொல். தோளைக் குறிக்கும் 'பாஹு'. பண்ணல் கையில் இருக்கும்போது அது எதற்கு?

– மஞ்சக்குப்பம்

*

தோள் வாகு வேறு, 'வாகா இருக்கு' வேறு என்றே நினைக்கிறேன். வடசொல்லாகவே இருந்தாலும் பேச்சில் புழங்குகிற சொல்லை எதற்குத் துரத்த வேண்டும்?

– முத்தியால்பேட்டை

*

அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். நெல் மூட்டை அடுக்கி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டுக் கழுத்தை அழுத்தும், பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். ஒரு மூட்டையை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி தூக்கிப் பார்ப்பார். அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் 'பாரம் பார்ப்பது' என்று பெயர். தலைப்புச் சொல்லாக இது நிற்காது என்று தெரியும். ஆனால் மூக்கு வெளியே போவதற்கு 'முன்வழுக்கல்', வால் உதறுவதற்கு 'பின்வழுக்கல்' என்று போடுங்கள். கேட்டவுடன் விளங்கும்.

– திருப்பாதிரிப்புலியூர்

*

பாரம் என்றதும் 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறள் நினைவுக்கு வருகிறது. புறநானூறு 102இல் ஔவை பாடும் உப்பு வண்டியின் 'சேம அச்சு' ஸ்டெப்னிக்கு எவ்வளவு கச்சிதமான சொல்! அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

– மஞ்சக்குப்பம்

*

வெள்ளி, மாலை ஐந்து மணி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். 'ஓட்ட அமைவு' என்று கொடுத்துவிட்டேன். தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'ஏதாவது ஒன்றை முடியுங்கள்' என்றார்கள். முன்வழுக்கலும் பின்வழுக்கலும் சேர்ந்துவிட்டன. வாகு முன்னுரையில் ஒரு வரியில் வருகிறது. பண்ணலுக்கு இடம் தர முடியவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும்.

– லாஸ்பேட்டை

*

மன்னிப்பு எதற்குத் தம்பி? ஆனால் என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். இத்தாலிய மொழியில் 'அசெட்டோ' என்றால் நாம் ஒரு வாரமாகத் தேடிய அந்த 'செட்டப்'தான்; 'கோர்சா' பந்தயம். அவர்கள் தம் சொல்லையே விளையாட்டுக்குப் பெயராக வைத்தார்கள். பொருள் தெரியாமலே உங்கள் மாணவர்கள் அதைத் தினமும் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் பண்ணல் மட்டும் நுழையாதா?

கேம்பருக்கு என்ன போட்டீர்கள்?

– மஞ்சக்குப்பம்