ரப்பர் தாங்கியின் கணினி மாதிரி, சோதனையைவிட இரு மடங்கு விறைப்பாக வருவது ஏன்?

கேள்வி (மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து)

வணக்கம். செம்பனை ஆலை இயந்திரங்களுக்கு உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு பட்டறையில் பணிபுரிகிறேன். 80 மில்லிமீட்டர் விட்டமும் 40 மில்லிமீட்டர் உயரமும் கொண்டு, இரு முகங்களிலும் எஃகுத் தகடு ஒட்டிய இயற்கை ரப்பர் அதிர்வுத் தாங்கி ஒன்றை, பொருளைச் சிறு கூறுகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடும் பைனைட் எலிமெண்ட் முறையில் கணக்கிட்டேன். அழுத்துபொறியில் அதை 10 மில்லிமீட்டர் அமுக்க 5.2 கிலோநியூட்டன் போதுமாக இருந்தது, கணினியோ 10.4 கேட்கிறது. பாய்சான் விகிதத்தை (அமுக்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்பதன் அளவு; 0.5 என்றால் கன அளவு மாறவே மாறாது) 0.4999 என வைத்து, எட்டு முனைக் கூறுகளைப் பயன்படுத்தினேன். ரப்பரின் விறைப்பை விவரிக்கும் மூனி-ரிவ்லின் சமன்பாட்டின் இரு மாறிலிகளை, ரப்பர் பட்டையை இழுத்துப் பெற்ற அளவுகளிலிருந்து எடுத்தேன். வலையை நெருக்கமாக்கினால் விடை சிறிது குறைகிறது.

மறுமொழி 1

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. ரப்பரின் சறுக்குக் குணகம் ஒரு மெகாபாஸ்கல் அளவுதான். பருமக் குணகமோ ஏறத்தாழ 2000. ஆகவே அது உருமாறச் சம்மதிக்கும், கன அளவை இழக்கச் சம்மதிக்காது. முழுத் தொகையீடு செய்யும், அதாவது உள்ளே எட்டுப் புள்ளிகளில் கணக்கிட்டுக் கூட்டும், எட்டு முனைக் கூறில் அந்த எட்டுப் புள்ளிகளிலும் கன அளவு மாறக்கூடாது என்று கட்டாயப்படுத்தும்போது, முனைகளுக்கு நகர வழியில்லாமல், பக்கவாட்டில் புடைக்க வேண்டிய ரப்பர் பூட்டிக்கொள்கிறது. அழுத்தத்தைத் தனி அறியா மதிப்பாகக் கொள்ளும் கலப்பின வகைக் கூறுக்கு மாறுங்கள்.

கையால் கணக்கிட்டும் பார்க்கலாம். வடிவக் காரணி, விட்டத்தை உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்த 0.5, அதன் வர்க்கத்தை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால், ஒட்டிய தகடுகளால் விறைப்பு 1.5 மடங்காகிறது. சறுக்குக் குணகம் 0.73 மெகாபாஸ்கல் என்றால் சுமார் 5.7 கிலோநியூட்டன் வருகிறது. உங்கள் அழுத்துபொறி பொய் சொல்லவில்லை.

மறுமொழி 2

பால்மரங்களைச் செம்பனை விழுங்கிய ஊரிலிருந்து ரப்பரைப் பற்றிய கேள்வி வருவது மகிழ்ச்சி! மேலே சொன்னது சரியே. ஆனால் மாறிலிகளையும் ஐயப்படுங்கள். மூனி 1940இலும் ரிவ்லின் 1948இலும் வகுத்த அச்சமன்பாட்டில் இரண்டாம் மாறிலி நீட்சி விகிதத்தால் (மாறிய நீளத்தை மூல நீளத்தால் வகுத்தது; அமுக்கும்போது ஒன்றுக்கும் குறைவு) வகுபடுகிறது. எனவே இழுவையில் மட்டும் பொருத்தி எடுத்த மதிப்பு, அமுக்கும்போது ரப்பரிடம் இல்லாத விறைப்பைச் சேர்த்துவிடும். கரி நிரப்பிய ரப்பருக்காக 1990இல் இயோ முன்வைத்த வடிவத்தில் அப்படி வகுபடும் மாறிலியே இல்லை. ஒரே வகைச் சோதனை மட்டும் கைவசம் இருந்தால் அதையே நான் தேர்வேன்.

அத்துடன், பட்டையை எத்தனையாவது முறை இழுத்தபோது அளந்தீர்கள்? கரி நிரப்பிய ரப்பர் முதல் இழுப்பில் விறைப்பாக இருந்து, பிறகு தளரும். இதை மல்லின்ஸ் விளைவு என்பார்கள்.

கேட்டவர்

முதல் இழுப்பில்தான் அளந்தேன் ஐயா. தாங்கியையோ பலமுறை அமுக்கியிருந்தோம். கலப்பினக் கூறுக்கு மாற்றியதும் 6.3 வந்தது. புதிய பட்டையை மும்முறை இழுத்து, நான்காவது இழுப்பின் அளவுகளை இயோ வடிவத்தில் பொருத்தினேன், இப்போது 5.4. எஞ்சிய வேறுபாட்டுக்கு அச்சில் வார்த்த ரப்பரும் பட்டையும் வேறுவேறு நேரம் வெந்தது காரணமா என்று அடுத்த தொகுப்பில் பார்க்கிறேன்.